கொழும்பில் ஓர் ஐகாரக்குறுக்கம்

முகத்துவாரத்துக்குப் போக வேண்டிய நான் மட்டக்குளியில் இறங்கி நின்றேன்.

கொழும்புக்கு வந்து அது இரண்டாவது நாள். அம்மாவின் கண்ணில் வெண்புரை எடுக்க வேண்டும் என்று யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் கூட்டி வந்திருந்தேன். பதினொரு நாள் தங்கல், வெள்ளவத்தையில் சின்னம்மாவின் ஃபிளாட்டில். முகத்துவாரத்தில் அப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவர் படுக்கையில் இருக்கிறார், ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று அம்மா சொன்னா. காலி வீதிக்கு வந்து 155 பிடித்தேன்.

நடத்துனர் வந்தார். "கொஹாட்டத?"

"முகத்துவாரம்."

அவர் என்னைப் பார்த்தார். இன்னொரு தரம் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். சத்தத்தைக் கூட்டினால் மற்றவனுக்கு நம் மொழி விளங்கிவிடும் என்ற நம்பிக்கை உலகத்தில் எல்லோருக்கும் இருக்கிறது போல. அவர் தலையைச் சொறிந்துவிட்டு "மட்டக்குளிய?" என்றார். அதுவும் வடக்குப் பக்கம்தானே என்று தலையாட்டினேன். டிக்கெட் கிடைத்தது. முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடியபின், "மோதர, மோதர" என்று அவர் கத்தினார். பத்துப் பேர் இறங்கினார்கள். நான் அசையவில்லை. எனக்கு மோதரையில் என்ன வேலை?

கடைசித் தரிப்பில் பஸ் வெறுமையானது. அங்கே நின்ற ஓட்டோக்காரரிடம் கேட்டபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது. "அண்ணே, மோதரதான் முகத்துவாரம். வந்த வழியேதான் திரும்பிப் போகணும்."

களனி கங்கை கடலில் விழுகிற இடம் அது. ஆற்றின் வாயை நாங்கள் முகத்துவாரம் என்கிறோம். சிங்களத்தில் அதே ஆற்றின் வாய்க்குப் பெயர் மோதர. ஒரே பொருள்தான். ஒருவருக்கொருவர் கேட்காமலே இரண்டு பேர் ஒரே இடத்தைப் பார்த்து ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள். இங்கிலீஷ்காரன் முட்வால் என்று எழுதினான். அது நம்முடைய முகத்துவாரத்தைக் கடித்து விழுங்கியதில் மிஞ்சியது என்று சொல்வார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு இதே வேலையாகப் போய்விட்டது. பஸ்ஸில் போகும்போது பெயர்ப்பலகைகளின் மூன்று வரிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபடி இருப்பேன். புறக்கோட்டை என்றால் கோட்டைக்குப் புறத்தே இருப்பது. சிங்களத்தில் பிட்டகொட்டுவ, பிட்ட என்றால் வெளி, கொட்டுவ என்றால் கோட்டை. இங்கிலீஷில் பெட்டா என்கிறார்கள், அது நம் பேட்டை. கறுவாத்தோட்டம் சிங்களத்தில் குருந்துவத்த, இங்கிலீஷில் சினமன் கார்டன்ஸ். மூன்றிலும் கறுவாப்பட்டை மணக்கும். வக்கீல்கள் நடமாடும் புதுக்கடை அவர்களுக்கு அலுத்கடே. அலுத் என்றால் புது. செட்டியார் தெரு ஹெட்டிவீதிய. இப்படி அரைக் கொழும்பை மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். சிங்களத்தில் ஒரு இருபது சொல் தெரிந்தால் தெரியாத இடத்தின் பெயரைக்கூட ஊகித்துவிடலாம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கொழும்பில் தமிழர் அடர்ந்து வாழும் இடம், குட்டி யாழ்ப்பாணம் என்று எல்லோரும் சொல்லும் இடம், வெள்ளவத்தை. அதற்குத் தமிழில் மொழிபெயர்ப்புப் பெயர் கிடையாது. வெல்ல என்றால் மணல், கடற்கரை. வத்த என்றால் தோட்டம். மணற்தோட்டம் என்று யாரும் சொல்லவில்லை. வெல்லவத்த என்பதன் கடைசியில் ஓர் ஐ போட்டு எங்களுடையதாக்கிக்கொண்டோம். மருதான மருதானை ஆனது. பொரள்ள பொரளை ஆனது. தெஹிவல தெஹிவளை. கல்கிஸ்ஸ கல்கிசை. மொழிபெயர்க்காத இடத்துக்கெல்லாம் நாங்கள் கொடுத்த விலை ஓர் ஐகாரம்.

அந்த ஐகாரத்தை எனக்கு முதலில் காட்டித்தந்தது அப்பா. காட்டித்தந்தார் என்பதைவிட, ஒளித்துக் காட்டினார் என்பதுதான் சரி.

2005 கடைசியில் பெரியப்பாவின் மகளின் கல்யாணத்துக்கு என்னை முதன்முதலாகக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். எனக்குப் பதினைந்து வயது. அந்த வருட ஆவணியில்தான் அவசரகாலச் சட்டம் மீண்டும் வந்திருந்தது. எனக்கு அடையாள அட்டை எடுக்கும் வயது வரவில்லை, ஆகையால் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடக் கடிதம் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் அப்பாவின் சட்டைக்குள் இருந்தன. அப்பாவின் அட்டையில் சிங்களமும் தமிழும் இரண்டுமே எழுதியிருக்கும். சிங்களவர்களின் அட்டையில் அந்தக் காலத்தில் சிங்களம் மட்டும்தான். வாசிக்கவே தேவையில்லை, தூரத்தில் பிடித்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

பஸ் ஏறுமுன் அப்பா சொன்னார்: "உள்ளுக்குள்ளை ஒண்டும் கதையாதை. ஏதும் வேணுமெண்டால் கையைப் பிடி."

நடத்துனர் வந்ததும் அப்பா, "வெல்லவத்த, தெகய்" என்றார். இரண்டு டிக்கெட். எங்கள் வீட்டில் 'வெள்ளவத்தை' என்று நீட்டிச் சொல்லும் மனிதர். அந்த ஐ எங்கே போனது என்று எனக்குப் புரியவில்லை. அம்மா தமிழ் ஆசிரியை. ஐகாரக்குறுக்கம் என்ற பாடத்தை வீட்டிலேயே எனக்கு நடத்தியிருந்தா. ஐ தனியே நின்றால் இரண்டு மாத்திரை, சொல்லுக்குள் வந்தால் குறுகும், தலை, வளையல் என்றெல்லாம். நன்னூலார் விட்ட இடத்திலிருந்து அப்பா தொடங்கினார். அவர் அதைக் குறுக்கிக் குறுக்கி இல்லாமலே ஆக்கிவிட்டார். மருதான, பொரள்ள, வெல்லவத்த. பதினைந்து வயதில் அதை நான் பயம் என்று விளங்கிக்கொள்ளவில்லை. அப்பா நன்றாகச் சிங்களம் பேசுகிறார் என்று பெருமைதான் பட்டேன்.

2007 யூனில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களை விடியுமுன் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் தலையிட்டு இடைக்காலத் தடை போட்டது. அந்தச் செய்தியை யாழ்ப்பாணத்தில் வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தபோது அப்பா எதுவும் சொல்லவில்லை. வானொலியின் சத்தத்தை மட்டும் குறைத்தார்.

சரி, இப்போதைய கதைக்கு வருவோம்.

வெளியூரிலிருந்து வருகிறவருக்கு முதல் உதவி எண்கள்தான். கொழும்பு 1 முதல் 15 வரை தபால் வலயங்கள். 1 கோட்டை, 3 கொள்ளுப்பிட்டி, 4 பம்பலப்பிட்டி, 6 வெள்ளவத்தை, 7 கறுவாத்தோட்டம், 11 புறக்கோட்டை, 13 கொட்டாஞ்சேனை, 15 முகத்துவாரமும் மட்டக்குளியும். எண்ணுக்கு மொழி இல்லை, ஐகாரமும் இல்லை. "கொழும்பு பதின்மூண்டிலை இருக்கிறம்" என்று சொன்னால் சொந்தக்காரர்களுக்கு உங்கள் வசதி வாய்ப்பு, வீட்டு வாடகை, யார் பக்கத்து வீடு எல்லாம் ஒரே எண்ணில் விளங்கிவிடும். கொழும்பு 7 என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

ஆனால் எண்கள் 15உடன் முடிந்துவிடும், நகரம் முடியாது. மாநகர சபையின் எல்லை வெறும் 37 சதுர கிலோமீற்றர்தான். யாழ்ப்பாணத்தில் 'கொழும்புக்குப் போறன்' என்று நாங்கள் சொல்லும் கொழும்புக்குள் தெஹிவளை, நுகேகொடை, மகரகமை, பத்தரமுல்லை எல்லாமே அடங்கும். அரசாங்க அலுவல் என்றால் பெரும்பாலும் அந்த வெளிக் கொழும்பில்தான் வந்து முடியும். பாராளுமன்றமே 1982இல் தியவன்னா ஓயாவுக்கு நடுவில் போய்விட்டது, அதன் பின்னால் அமைச்சுகளும் திணைக்களங்களும் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின.

எனக்கும் பெலவத்தையில் பரீட்சைத் திணைக்களத்தில் ஒரு சான்றிதழ் வேலை இருந்தது. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே கொள்ளுப்பிட்டி, அங்கே 177இல் ஏறினால் பத்தரமுல்லைச் சந்தி, பிறகு இன்னொரு பஸ் அல்லது ஓட்டோ. கடதாசியில் எழுதினால் மூன்று வரி. ராஜகிரியவில் பஸ் நின்ற நேரத்தில் ஒருவர் பேப்பரை முழுவதும் வாசித்து மடித்து, முன் சீட்டுக்காரருக்குக் கடன் கொடுத்து, அவரும் வாசித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கொழும்பில் தூரத்தைக் கிலோமீற்றரில் கேட்பதில் பயனில்லை. காலை எட்டு மணிக்கு முந்தியா பிந்தியா என்றுதான் கேட்க வேண்டும்.

திரும்பி வரும்போது இன்னொரு பாடம். கொள்ளுப்பிட்டியில் காலையில் இறங்கிய இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் போய் வெள்ளவத்தை பஸ்ஸுக்காக நின்றேன். ஊரில் அப்படித்தானே. போன பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நின்றால் வீட்டுக்குப் போகலாம். இருபது நிமிடம் நின்றேன். பஸ்கள் வந்தன, எல்லாமே ஒரே திசையில். இந்தப் பகுதியில் காலி வீதி ஒருவழிப் பாதை, எதிர்த்திசை வாகனங்கள் பின்னால் உள்ள டூப்ளிகேஷன் ரோட்டில் போகும் என்பதை அன்னாசி விற்றுக்கொண்டிருந்தவர் தானாகவே கூப்பிட்டுச் சொன்னார். உப்பும் தூளும் போட்ட அன்னாசித் துண்டு ஒன்றும் வாங்கினேன். தகவலுக்கு அவர் காசு கேட்கவில்லை, ஆனால் வாங்காமல் போக மனம் வரவில்லை.

டூப்ளிகேஷன் ரோட் என்று எந்தப் பலகையிலும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பலகையில் ஆர்.ஏ. டி மெல் மாவத்தை. இங்கே பெயர் மாறுவது மொழிக்கு மொழி மட்டுமில்லை, தலைமுறைக்குத் தலைமுறையும்தான். 1984இல் கனடா போன மாமா ஒருவர் இரண்டு வருடங்களுக்கு முன் வந்திருந்தபோது நானும் கூடப் போனேன். ஓட்டோவில் ஏறியதும் "டரட் ரோட்" என்றார். ஓட்டுனர்ப் பையன் போனில் தட்டிப் பார்த்தான், கிடைக்கவில்லை. அது தர்மபால மாவத்தை ஆகி எத்தனையோ காலம். கிரீன் பாத் இப்போது ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. பார்சன்ஸ் ரோட் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தை. இரண்டு தமிழர் பெயர் வீதிக்கு வந்திருக்கிறதே, சந்தோஷப்படுங்கோ மாமா என்றேன். "சந்தோஷம்தான், ஆனால் நான் எங்கை நிக்கிறன் எண்டு எனக்குத் தெரியேல்லையே" என்றார். கடைசியில் நரைத்த தலை ஓட்டோக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். மாமா சொன்ன பெயர் ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு தலையசைப்புக் கொடுத்தார். இருவரும் சேர்ந்து இப்போது இல்லாத ஒரு நகரத்துக்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

மாமாவுக்கு முந்திய கொழும்பும் ஒன்று இருந்தது. அப்பப்பா இங்கே அரசாங்கக் கிளாக்கர். அவர் காலத்தில் புறக்கோட்டையிலிருந்து பொரளைக்கு டிராம் ஓடியது. 1960இல் அதை நிறுத்திவிட்டார்கள். டிராமுக்குப் பதிலாக வந்த, மின்கம்பியில் ஓடும் டிரொலி பஸ்ஸும் 1964க்கு மேல் நிற்கவில்லை.

ஓட்டோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிக்மியோ ஊபரோ போனில் இருந்தால் பேரம் பேசத் தேவையில்லை. கை காட்டி மறித்து ஏறினால் மீட்டர் போடச் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். ஒன்று மட்டும்: புக் பண்ணியதும் ஓட்டுனர் போன் எடுத்து "கொஹெத இன்னே?" என்பார், எங்கே நிற்கிறீர்கள் என்று. வெள்ளவத்தை ஒழுங்கைகளுக்கு எண்தான் பெயர், அந்த எண்கள் விட்டு விட்டுத்தான் வரும். நான் என் அரைகுறைச் சிங்களத்தில் "ஐம்பத்தேழு" என்பதற்குச் சொல் தேடித் தடுமாறும்போது, அந்தப் பக்கம் ஒரு சின்ன மௌனம் வரும். பிறகு, "தமிழா? அப்ப தமிழ்லயே சொல்லுங்க அண்ணே. தமிழ்ச் சங்க லேன் தானே?" கொழும்பில் ஓட்டோ ஓட்டுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தமிழ் தெரியும் என்பது எனக்கு ஒவ்வொரு தடவையும் ஆச்சரியம். நான் 'வாங்கோ' என்றதும் "யாழ்ப்பாணமா?" என்று கேட்டுவிடுவார்கள். சிங்களவரிடம் ஐகாரம் என்னைக் காட்டிக்கொடுக்கிறது, தமிழரிடம் ஓகாரம்.

அந்த 57ஆம் ஒழுங்கையில்தான் 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. நூலகத்தில் விசிறிக்குக் கீழே ஓர் இடம் கிடைத்தால் மத்தியான வெயிலைக் கடத்திவிடலாம். வெளியூர்க்காரருக்கு நகரத்தில் எங்கே போகலாம் என்பதைவிட எங்கே காசு கொடுக்காமல் உட்காரலாம் என்பது முக்கியமான தகவல்.

உண்மையில் எனக்குப் பிடித்த பயணம் கோச்சிதான். சின்னம்மாவின் பிள்ளைகள் டிரெயின் என்பார்கள், நிலையத்தின் பலகையில் புகையிரதம் என்று இருக்கும். புகை போய் எத்தனையோ காலம். எங்கள் ஊர்க் கிழவிகள் சொல்லும் கோச்சி என்ற சொல்தான் சிங்களத்திலும், கோச்சிய. இந்த ஒரு சொல்லை மட்டும் யாரும் மாற்றிச் சொல்லத் தேவையில்லை.

வெள்ளவத்தை நிலையம் ஸ்டேஷன் ரோட் கடலில் முட்டும் இடத்தில் இருக்கிறது. காலையில் ஒன்பது மணிக்குப் பிறகு போக வேண்டும். அதற்கு முந்தியது அலுவலகக்காரர்களின் நேரம், ஃபுட்போர்டில் ஒரு காலுக்குத்தான் இடம் கிடைக்கும், மற்றக் கால் உங்கள் பொறுப்பு. கூண்டுக்குள் கையை விட்டுக் காசு கொடுத்தால் தடித்த அட்டையில் ஒரு சின்ன டிக்கெட் வரும். அதைத் தொலைத்துவிடக் கூடாது, இறங்கும் நிலையத்தில் கேட்டு வாங்குவார்கள். வடக்கே போகும்போது இடது பக்கம் நில்லுங்கள். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று தண்டவாளம் கடலுக்குப் பக்கத்திலேயே ஓடும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் வைகாசி, ஆனி மாதங்களில் அலை பாறாங்கல்லில் அடித்து எழும்பும்போது வாசலில் நிற்கிறவருக்கு உப்புத் தண்ணீர் தெளிக்கும். ஒரு நாள் என் பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையன் தன் புத்தகப் பையைக் குனிந்து மறைத்துக்கொண்டான். தன் முகத்தை மறைக்கவில்லை.

கொள்ளுப்பிட்டி தாண்டியதும் தண்டவாளம் கடலை விட்டு உள்ளே திரும்பும். கொம்பனித்தெரு, பேரை வாவி, தாமரைக் கோபுரம். 350 மீற்றர் உயரத்தில் ஊதா மொட்டோடு நிற்கும் அந்தக் கோபுரம் 2022 செப்டெம்பரில்தான் பொதுமக்களுக்குத் திறந்தது. மேலே போகவில்லை. ஆனால் வழி தவறுகிறவனுக்கு அது நல்ல துணை. எந்தச் சந்தில் நின்றாலும் தலையைத் தூக்கினால் அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். எங்கள் ஊரில் நல்லூர்க் கோபுரம் செய்கிற வேலை.

இறங்குவது கோட்டை நிலையத்தில். கோட்டை நிலையம் கோட்டையில் இல்லை, புறக்கோட்டையில் இருக்கிறது. கோட்டையில் கோட்டையும் இல்லை, மதில்களை இங்கிலீஷ்காரனே இடித்துவிட்டான். நிலைய வாசலில் ஓல்கொட் சிலை. 'ஓல்கொட்டுக்குக் கீழே நில்' என்று சொல்லிவிட்டால் யாரையும் சந்திக்கலாம். போன் இல்லாத காலத்தில் யாழ்தேவியில் வந்தவர்களெல்லாம் அப்படித்தான் சந்தித்துக்கொண்டார்கள் என்று சின்னம்மா சொல்லுவா.

புறக்கோட்டையில் நடக்கத்தான் வேண்டும், ஓட்டோவும் உள்ளே நகராது. பெயர்களை நம்பாதீர்கள், சாமான்களை நம்புங்கள். மின்சாரச் சாமான் தொங்கினால் முதலாம் குறுக்குத் தெரு. சிவப்பும் வெள்ளையும் வரிபோட்ட பள்ளிவாசல் தெரிந்தால் இரண்டாம் குறுக்குத் தெரு. 1909இல் கட்டி முடித்தது, தமிழ் பேசுகிறவர்கள் சம்மாங்கோட்டார் பள்ளி என்பார்கள். மூலிகை மணத்தால் கேபோஸ் லேன். கண் கூசினால் செட்டியார் தெரு, இரண்டு பக்கமும் நகைக்கடை, நடுவில் கதிரேசன் கோயில். ஆடிவேல் தேர் இங்கிருந்துதான் பம்பலப்பிட்டிக்குப் போகும். நகரத்தில் போக்குவரத்து நெரிசலுக்குள்ளே போகிறவர்களில் வேலவர் ஒருவர்தான் அவசரப்படாதவர்.

செட்டியார் தெருவை நோக்கி நான் மூக்கைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நடந்தபோது பின்னால் இருந்து ஒரு தள்ளுவண்டி இடுப்பில் இடித்தது. மூட்டைகள் ஆள் உயரம். "வழி விடுங்க!" பக்கத்துக் கடைக்காரர் என்னை உள்ளே இழுத்துவிட்டு, "நாட்டாமை வந்தா ஒதுங்கிக்கணும் தம்பி" என்றார். எந்த ஊர் நாட்டாமை என்று ஒரு கணம் திகைத்தேன். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கிறவர், வண்டி இழுக்கிறவர்தான் நாட்டாமை. சிங்களத்திலும் அதே சொல்தான், நாட்டாமி. ஆலமரத்தடியில் தீர்ப்புச் சொன்னவரைக் கொழும்பு என்ன பாடுபடுத்தியிருக்கிறது பாருங்கள். ஆனாலும் அந்தத் தெருவில் எல்லோரும் ஒதுங்கி வழிவிடுவது அவருக்கு மட்டும்தான்.

சிங்களமும் தமிழும் இப்படிச் சொற்களை மாற்றிக்கொண்டதில் பஸ்ஸில் ஒரு சிக்கல் வரும். சிங்களத்தில் ஐயா என்றால் அண்ணன். நடத்துனரை மரியாதையாக 'ஐயா' என்று நான் கூப்பிட்டபோது, இருபது வயதுப் பையன், திரும்பிப் பார்த்து முகம் மலர்ந்தான். நரைத்த தாடிக்காரன் தன்னை அண்ணா என்றதில் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். இறங்க வேண்டுமென்றால் 'பஹினவா' என்றால் போதும். 'இஸ்ஸரஹாட்ட யன்ன' என்றால் முன்னுக்குப் போகச் சொல்கிறான். முன்னுக்கு இடம் இருக்கிறதா இல்லையா என்பது அவன் கவலை இல்லை. முன் சீட்டில் இடம் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள், அது மதகுருமாருக்கு ஒதுக்கியது. பெரிய தாளை நீட்டினால் மிச்சக்காசு பிறகு தருகிறேன் என்று டிக்கெட்டின் பின்னால் எழுதித் தருவான். இறங்கும்போது நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும். அந்த அவசரத்தில் நான் இரண்டு தடவை விட்டுவிட்டு இறங்கியிருக்கிறேன்.

காலிமுகத்திடலுக்கு ஒரு மாலை போனேன். இஸ்ஸோ வடை, அதாவது இறால் வடை, தின்றேன், எண்ணெய் கையில் ஒட்டியது, பட்டம் பார்த்தேன். முன்பு சூரியன் விழுந்த கடலின் ஒரு பங்கில் இப்போது 269 ஹெக்டேர் மண்ணைக் கொட்டித் துறைமுக நகரம் எழுப்பியிருக்கிறார்கள். அங்கே வீதிகளுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க ஆசைதான், கால் வலித்தது.

ஒன்பதாவது நாள் அம்மாவுக்குக் கட்டுப் பிரித்து, மருந்து விட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டு அனுப்பினார்கள். ஓட்டோ பிடிக்கிறேன் என்றேன். "ஏன் வீண் செலவு? பஸ்ஸிலை போவம். வந்த நாளிலையிருந்து நான் கொழும்பையே பார்க்கேல்லை" என்றா. கறுப்புக் கண்ணாடியோடு எதைப் பார்க்கப் போகிறா என்று நான் கேட்கவில்லை. டவுன் ஹோல் தரிப்பில் இரத்மலானை போகும் 155 வந்தது. ஒரு பெண் எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தாள். "அம்மே, வாடிவென்ன." நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பஸ் கிளம்பியதும் அம்மா தலையைத் தூக்கி, வகுப்பறையின் கடைசி வாங்குக்கும் கேட்கிற குரலில், "தம்பி, இப்ப எங்கை நிக்கிறம்?" என்றா.

என் கை தானாக அவவின் தோளை அழுத்தியது. அப்பாவின் கை அது. நான் சுற்றிப் பார்த்தேன். முன்னால் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார். இடம் கொடுத்த பெண் போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். யாரும் திரும்பவில்லை. கையை எடுத்துக்கொண்டேன்.

"பல்கலைக்கழகத்தடி வருது அம்மா."

ஒவ்வொரு தரிப்பிலும் நடத்துனர் வாசலில் தொங்கியபடி வெளியே நிற்கிறவர்களுக்குக் கூவினான். "பம்பலப்பிட்டிய, வெல்லவத்த, தெஹிவல, கல்கிஸ்ஸ, ரத்மலான!" ஒரே மூச்சில், ஒரே ராகத்தில். மூன்றாவது தரம் அவன் கூவி முடித்ததும், முப்பது வருடம் பிள்ளைகளின் கொப்பிகளில் சிவப்பு மை பிடித்த அம்மா, கண்ணாடிக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு தனக்குள் மெதுவாகத் திருத்திச் சொன்னது எனக்குக் கேட்டது.

"வெள்ளவத்தை. தெஹிவளை. கல்கிசை. இரத்மலானை."

நடத்துனருக்கும் கேட்டிருக்க வேண்டும். குனிந்து பார்த்தான். "அம்மே கொஹாட்டத?"

"வெள்ளவத்தை" என்றா அம்மா. "ரெண்டு."

அவன் இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய் மறுபடியும் கூவத் தொடங்கினான், பழையபடியே, ஐகாரம் இல்லாமல்.